கனமான மாண்டலின்

அம்மாவின் பெயர் ஜீவராணி. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து பறித்தாள். போன ஐப்பசியில் குளவி கொட்டி இறந்தாள். சாவு வீட்டில் பேசியவர்கள் எல்லோரும், "பாவம், அமைதியான மனுசி" என்றார்கள். அது பொய். அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பஜனை நடக்கும். மண்டபத்தில் பாய் விரித்து வாத்தியக்காரர்கள் உட்காருவார்கள். மற்றவர்கள் பின்னால் நின்று பாடுவோம். அம்மாவின் அப்பா தப்படித்தவர். சாவுக்கும் திருவிழாவுக்கும் தப்புப் பறை வேண்டும். ஆனால் தப்படிக்கும் வீட்டார் அந்தப் பாயில் உட்காருவதில்லை. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை; யாரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். அம்மா அந்தத் தேவையை உண்டாக்கினாள்.

தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்த தேவாலயத்தில் மாண்டலின் வாசித்த ஒருவர் தனது பழைய மாண்டலினை அவளுக்கு இரவல் கொடுத்திருந்தார். கைபேசியில் காணொளி பார்த்துப் பார்த்து, லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவில் இருந்தபடியே அம்மா பழகினாள். பக்கத்து வீட்டார் சுவரில் தட்டினால் இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசிப்பாள். பிறகு அந்த மனிதர் கொழும்புக்குக் குடிபோனார். மாண்டலினும் போனது.

ஓய்வுபெற்றுச் சேமலாப நிதி கைக்கு வந்ததும் அம்மா முதலில் போனது அழகுமுத்து மாமாவிடம். பஜனையை நடத்துகிறவர் அவர். ஆர்மோனியமும் அவருடையது.

"நான் ஒரு மாண்டலின் வாங்கப் போறேண்ணே. பஜனையில வாசிக்கட்டுமா?"

"தாராளமா வாசி ஜீவராணி, யாரு வேணாங்குறா? பின்னால பொம்பளைங்க நிக்கிற எடத்துல நின்னு வாசி."

"நீங்க ஆர்மோனியத்த நின்னுக்கிட்டா வாசிக்கிறீங்க?"

"அட, அது கனம்ல. அத எப்படி நின்னுக்கிட்டு வாசிக்கிறது?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டு வந்தாள். அன்று மாலையே எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பாப்பா, நீ படிச்ச புள்ள. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு."

நான் கொழும்பில் ஒரு கட்டுமான ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கொங்கிரீட்டை உடைத்தும் பலகையை வளைத்தும் அளப்பது தொழில். விசாரித்தேன். எங்கள் பணத்துக்குக் கடையில் கிடைத்த மாண்டலின்கள் எல்லாம் ஒட்டுப்பலகை. எங்கள் ஊர் ஈரத்தில் ஒட்டு விட்டுவிடும். அசல் மரத்தில், கையால் செய்தது வேண்டும். ஹட்டனில் தளபாடக் கடை வைத்திருக்கும் இம்தியாஸ் நானா, கேட்பவர்களுக்குக் கிட்டாரும் மாண்டலினும் செய்து கொடுப்பார் என்று தெரியவந்தது. அம்மாவும் நானும் ரயிலில் போனோம்.

நானா முதலில் மேற்பலகையைப் பற்றிப் பேசினார். தந்திகளின் அதிர்வை வாங்கிச் சத்தமாக்குவது அதுதான்.

"வெளிநாட்டு ஸ்புரூஸ் மரம் போட்டா சத்தம் வேற மாதிரி இருக்கும் அக்கா. வெலயும் வேற மாதிரி இருக்கும்."

"அப்ப ரெண்டையும் நீங்களே வச்சிக்கிங்க நானா."

அவர் சிரித்துக்கொண்டே இங்கேயே வளரும் கினிசப்பு மரத்துப் பலகை ஒன்றை எடுத்துக் காட்டினார். நேரான இழை, முடிச்சு இல்லை. போதும் என்றேன்.

உடலுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பக்கப் பலகைகளைச் சூட்டில் வளைக்கும் அச்சு நானாவிடம் இல்லை. ஒரே கட்டையைக் குடைந்துதான் செய்வார். அதனால்தான் விலை குறைவு. அதனால்தான் மரத்தின் எடை முக்கியம். நான்கு கட்டைகளை மேசையில் வைத்தார். நான் ஒவ்வொன்றையும் நிறுத்தேன், தட்டினேன், ஒலி அடங்கும் நேரத்தைக் கைபேசியில் பார்த்தேன். கிரவேலியா, தேயிலைக்கு நிழலாக நிற்கும் அதே மரம். அறுத்தால் புள்ளி புள்ளியாக அழகாக இருக்கும், ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். மஹோகனி எல்லாவற்றிலும் நடுத்தரம். துனா லேசானது, தட்டினால் உடனே பேசுகிறது, நகம் பட்டால் பதிந்துவிடும். பலா கடினம். பூச்சி அரிக்காது. துனாவை விட அரைவாசிக்கு மேல் கூடுதல் கனம், ஒலியும் மெதுவாகவே எழும்புகிறது.

நான் துனாவைச் சொன்னேன். சத்தத்துக்காக மட்டுமல்ல. கொழுந்துக் கூடையின் கயிறு அம்மாவின் கழுத்தையும் வலது தோளையும் என்றோ தின்றுவிட்டது. நுவரெலியாவில் டொக்டர், பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நானாவும் என் பக்கம்.

"நின்னுக்கிட்டு வாசிக்கிறவங்களுக்கு துனாதான் தோது அக்கா."

அம்மா துனாவைத் தொடவே இல்லை. பலாக் கட்டையை இரண்டு கையாலும் தூக்கினாள். தோள் நடுங்கியது.

"இதுல செஞ்சா நின்னுக்கிட்டு வாசிக்க ஏலுமா நானா?"

"ஒரு பாட்டுக்கு மேல ஏலாது. அதுவும் ஒங்க தோள் இருக்கிற இருப்புக்கு."

"அப்ப இதுலயே செய்ங்க."

"அம்மா, எடைய யோசிச்சிப் பாருங்க" என்றேன்.

"அத யோசிச்சிட்டுத்தாண்டி சொல்றேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பலாக் கட்டையில் கரிப்பென்சிலால் கோடு போட்டார்.

மாண்டலின் வந்த வெள்ளிக்கிழமை நான் லீவில் வீட்டில் இருந்தேன். அம்மா அதைக் கம்பளியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். மண்டபத்தில் ஏறினாள். ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்து, கம்பளியைப் பிரித்தாள்.

பாயிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தா, ஜீவராணி" என்றார் அழகுமுத்து மாமா. "பேசுனது என்ன? எந்திரி."

"நிக்க ஏலாதுண்ணே. கனம்."

"மாண்டலின் எங்கயாச்சும் கனமா இருக்குமா?"

"தூக்கிப் பாருங்க."

அவர் கை நீட்டவில்லை. எங்கள் வீட்டுப் பொருளை எல்லோர் முன்னாலும் வாங்குவதா என்ற யோசனை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மிருதங்கம் வாசிக்கும் சின்னத்தம்பி எட்டி வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"ஆமாண்ணே. ஆட்டுக்கல்லு மாதிரில்ல இருக்கு!"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அழகுமுத்து மாமாவுக்கு முகம் கறுத்தது.

"தப்படிச்ச வீட்டுக்கு வந்த வாழ்வப் பாரு."

"நின்னு நின்னு தப்படிச்சே எங்கப்பாவுக்குக் காலு போச்சுண்ணே. நான் உக்காந்துக்கிறேன்."

சொல்லிவிட்டு அம்மா வாசிக்கத் தொடங்கினாள். அவர் ஆர்மோனியத்தை மூடித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வெள்ளியும் வரவில்லை. பஜனை நிற்கவில்லை. திருவிழா நெருங்கியபோது ஆர்மோனியத்தோடு வந்து, அம்மாவைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மனம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். மாறவில்லை. அம்மா எழும்பவுமில்லை.

ஒலியைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கீழ்த் தந்திகள் மந்தம். மேல் தந்திகள் தெளிவு, ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். துனாவில் செய்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். அதை அம்மாவிடம் சொன்னேன். "இருந்துட்டுப் போவுது" என்றாள். நான்கு வருடம் அதே பாயில், அதே இடத்தில் வாசித்தாள்.

ஓய்வுக்குப் பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அந்த மலையில் குளவிக்கூடு இருந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழேயே அவளுக்குக் கொழுந்து பறிக்க நிரை கொடுத்தார்கள். செங்குத்தான சரிவு, ஓட இடமில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அழகுமுத்து மாமா வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டு வாசற்படியை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. தேநீர் கொடுத்தேன். குடித்தார்.

"பாப்பா, அந்த மாண்டலின கோயிலுக்குக் குடுத்துரு. கண்ணாடிப் பொட்டியில வச்சி மாலை போட்டுருவோம். ஒங்கம்மாவுக்கு ஒரு மரியாதையா இருக்கும்."

மனதாரத்தான் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா எடத்துல யாரு உக்காருவா மாமா?"

"எடம் என்ன எடம்? பாயக் கொஞ்சம் சுருக்கிப் போட்டா முடிஞ்சிது."

"குடுக்க மாட்டேன் மாமா."

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். கோபப்படவில்லை. தர மறுத்ததைவிட, ஏன் என்று நான் சொல்லாததுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்கு இரண்டே பாட்டுத்தான் வரும், அதுவும் தடுக்கித் தடுக்கி. அம்மா தொலைபேசியில் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தவை. அடுத்த வெள்ளி அந்த இரண்டு பாட்டோடு கோயிலுக்குப் போனேன். சொன்னபடியே பாயைச் சுருக்கியிருந்தார்கள். மிருதங்கம் அம்மாவின் இடத்துக்கு நகர்ந்திருந்தது; அதற்கு அப்பால், பாய் இருந்த இடம் வெறும் சிமெந்துத் தரை. அதில் உட்கார்ந்தேன். மாண்டலினை மடியில் வைத்தேன். கனமாகத்தான் இருந்தது.

"பாப்பா..." என்று இழுத்தார் அழகுமுத்து மாமா.

"சுருதி சேக்கணும் மாமா. 'ஸ' புடிங்க."

அவர் ஆர்மோனியத்தை அருகே இழுத்தார். பிறகு துருத்தியை அசைத்துக் கட்டையை அழுத்தினார். எட்டுத் தந்திகளும் குளிரில் இறங்கிக் கிடந்தன. நான் ஒவ்வொன்றாக முறுக்கினேன். எட்டும் சேரும்வரை அவர் விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.