பொத்தானக்காவின் ஆறு வாளி விவசாயம்

பெரிய மனிதர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள், அவர்கள் பிறந்த நேரத்தில் இடி இடித்ததா, மழை பெய்ததா என்று தொடங்குவது வழக்கம். பொத்தானக்கா பிறந்த அன்று வானிலை எப்படி இருந்தது என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. இது வானிலை ஆராய்ச்சிக்குப் பெரிய இழப்பு. ஆகவே அவர் நாற்பத்தாறாவது வயதில் விவசாயத்தில் இறங்கியதிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.

அதற்கு முன் அவர் தையல்காரர். பிறகும் தையல்காரர்தான். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பின்பக்கத்து வீட்டின் பால்கனியில் மெஷினைப் போட்டுக்கொண்டு தைப்பார். புதுத் துணி வெட்டமாட்டார். நீளத்தைக் குறைப்பது, இறுக்கத்தைத் தளர்த்துவது, போன ஜிப்பை மாற்றுவது, போகப்போகிற பொத்தானைக் காப்பாற்றுவது ஆகியவை மட்டுமே அவருடைய துறை. அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களின் இடுப்பளவும் அவரிடம் ஒரு நோட்டில் இருக்கிறது. எந்த இடுப்பு எந்த வருடம் எத்தனை அங்குலம் பெருத்தது என்பது அவருக்குத் தெரியும். இன்றுவரை ஒரு அங்குலம்கூட வெளியே கசிந்ததில்லை. வேறொருவர் கையில் அந்த நோட்டு சிக்கியிருந்தால் கட்டடத்தில் பாதிப் பேர் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருப்பார்கள்.

அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் மேலும் கீழும் ஓடவிட்டுவிட்டு, லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வருகிறவர்.

பால்கனியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எதிரே பத்தடி தூரத்தில் அடுத்த கட்டடத்தின் முதுகு. அதில் பதினொரு கழிவுநீர்க் குழாய்கள். புறாவுக்குப் பயந்து பால்கனி முழுக்க வலை அடித்திருந்தார்கள். வெளிச்சம் தாராளமாக வரும். காற்று வருவதென்றால் நாள் பார்த்துத்தான் வரும். அந்தக் குழாய்களுக்கு எதிரே உட்கார்ந்து பத்தொன்பது வருடம் தைத்தபிறகு ஒருநாள் பொத்தானக்கா வீட்டுக்காரரிடம் தன் மனக்குறையைச் சொன்னார்.

"குழாயையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சுங்க. பச்சையா ஏதாவது ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்."

"குழாய்க்குப் பச்சை பெயின்ட் அடிக்கச் சொல்லட்டுமா?" என்றார் மெக்கானிக்.

இப்படிப்பட்ட ஆதரவோடுதான் பெரும் முயற்சிகள் தொடங்குகின்றன.

அன்று சமையலறையில் கனிந்து தொளதொளத்துப்போன ஒரு தக்காளி கிடந்தது. பொத்தானக்கா அதைப் பிழிந்து விதையைச் சளியோடு ஒரு டம்ளரில் விட்டு, தண்ணீர் ஊற்றி, மூன்று நாள் மூடிவைத்தார். சளி புளித்துக் கழன்றால்தான் விதை சுத்தமாகும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். லிஃப்ட் குழியிலிருந்து செத்த எலிகளை எடுத்துப் பழகிய மெக்கானிக்கே மூன்றாம் நாள் டம்ளரைத் திறந்து பார்த்துவிட்டு, எலி தேவலை என்றார். கழுவிய விதைகளை அக்கா கைக்குக் கிடைத்த லைனிங் துணியில் பரப்பிக் காயவைத்தார். காய்ந்த விதைகள் துணியோடு ஒட்டிக்கொண்டன.

வேறு யாராக இருந்தாலும் நகத்தால் சுரண்டியிருப்பார்கள். அக்கா கத்திரிக்கோலை எடுத்தார். ஒரு விதைக்கு ஓர் அங்குலச் சதுரம் என்று துணியைப் பன்னிரண்டாக வெட்டி, துணியோடு சேர்த்தே காகிதக் கோப்பைகளில் கால் அங்குல ஆழத்தில் புதைத்தார். விதையை லைனிங் வைத்து விதைத்தவர் உலகத்தில் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். ஏழாம் நாள் ஒன்பது கோப்பைகளில் வளைந்த ஊசிபோல முளை எட்டிப்பார்த்தது.

நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னபோது அந்த அம்மாள் சந்தோஷப்படத்தான் முயன்றாள். "அண்ணி, உங்க கையில பிளாஸ்டிக் பூவே வாடுமே!"

வாடவில்லை. முதலில் வரும் இரண்டு இலைகள் கணக்கில் சேராது. அதற்குப்பின் வருகிற, ஓரம் வெட்டுப்பட்ட இலைகள்தான் உண்மையான இலைகள். அவை நான்கு வந்ததும் காலிப் பெயின்ட் வாளிகளின் அடியில் மெக்கானிக் துளை போட்டுக் கொடுத்தார். நாற்றை நடும்போது அக்கா தண்டைக் கழுத்துவரை மண்ணுக்குள் இறக்கினார். பாதிச் செடியைப் புதைத்துவிட்டாயே என்று மெக்கானிக் பதறினார். வளர்கிற பிள்ளைக்கு மடிப்பு உள்ளே விட்டுத்தான் தைக்கவேண்டும் என்று பதில் வந்தது. விவசாயம் படித்தவர்களும் இதையேதான் செய்கிறார்கள், புதைந்த தண்டெல்லாம் வேர் விடும் என்பதற்காக. ஆனால் அவர்கள் இதைச் சொல்ல நான்கு பக்கம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆறு வாளிக்குத்தான் இடம் இருந்தது. மீதி மூன்று நாற்றுகள் அக்கம்பக்கத்தில் தத்துக் கொடுக்கப்பட்டு, அங்கே அளவுக்குமீறிய அன்பாலும் தண்ணீராலும் மறைந்தன. ஆறும் நெடுநெடுவென்று வளர்ந்தன. தண்டு பருக்கப் பருக்க இடம் கொடுக்கவேண்டும் என்பதால் அக்கா கயிறு கட்டாமல் பாவாடை எலாஸ்டிக்கால் கட்டினார். நான்கு செடிகளை வலைக்கம்பியோடும், கிட்டே இருந்த இரண்டைத் தையல் மேசையோடும். இலைக்கும் தண்டுக்கும் நடுவே முளைக்கிற வேண்டாத கிளைகளைக் கிள்ளுவதற்கு மற்றவர்களுக்கு மனசு வராது. அக்காவோ பிசிறு நூலை வெட்டிப் பழகியவர். வெட்டிக்கொண்டே போனார்.

இந்தக் கட்டத்தில்தான் செயலாளர் வந்தார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் சுற்றறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வு அலுவலகத்துக்குத்தான் கிடைத்தது, எங்களுக்கு இல்லை. பால்கனிகளில் தொட்டி, வாளி முதலானவை வைப்பது கட்டடத்தின் அழகுக்கும் ஆயுளுக்கும் கேடு என்றும், பயன்தரும் செடிகளுக்கு மட்டும் விலக்கு என்றும் அவர் புதிதாக ஒன்றை ஒட்டியிருந்தார். விலக்குக்குக் காரணம், அவர் வீட்டம்மா ஒரு பெட்டியில் புதினா வளர்த்துவந்ததுதான் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். பதிவேட்டோடு அவர் ஒவ்வொரு பால்கனியாகப் பார்வையிட்டு மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தார்.

"இது என்னம்மா?"

"தக்காளி சார்."

"தக்காளி எங்க?"

"வரும் சார்."

"வந்தாத்தான் பயன்தரும் செடி. வராதவரைக்கும் வெறும் செடி." பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். மூன்று மாதம் கழித்துப் பொதுக்குழு. அதற்குள் பழம் கண்ணில் பட்டால் ஆறு வாளியும் இருக்கலாம்; படாவிட்டால் ஆறும் கீழே இறங்கவேண்டும். பிறகு பழையபடி அக்காவும் பதினொரு குழாயும்தான்.

அவர் போனதும் மெக்கானிக், பொதுக்குழு அன்று கடையில் ஒரு தக்காளி வாங்கி நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்றார். ஏமாற்றுவதற்குச் செடி எதற்கு, கடையே போதுமே என்றார் அக்கா. மெக்கானிக் விடவில்லை.

"அவரு இடுப்பளவு உன் நோட்டுலதானே இருக்கு? லேசா ஞாபகப்படுத்தினாப் போதாதா?"

"இன்னொரு தடவ அந்தப் பேச்ச எடுத்தீங்கன்னா உங்க அளவைப் படிச்சுக் காட்டிடுவேன்."

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மூன்று வாரத்தில் பூ வந்தது. தலைகீழாகத் தொங்கும் சின்ன மஞ்சள் பூக்கள். அக்கா பூரித்துப்போனார். பூரிப்பில் மனிதர்கள் செய்கிற காரியத்தையும் செய்தார். மெஷின் ஓடினால் மேசை அதிர்கிறது, மேசை அதிர்ந்தால் செடி நடுங்குகிறது, பூத்து நிற்கிற செடியை இப்படிப் போட்டு உலுக்கலாமா என்று மெஷினை மேசையோடு கூடத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு செடிகளின் கட்டையும் அவிழ்த்து வலைக்கு மாற்றினார். டியூப்லைட்டின் அழுமூஞ்சி வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைத்தார். ஒரு தையல்காரர் செடிக்காகச் செய்யக்கூடிய ஆகப்பெரிய தியாகம் அது. ஒரு தையல்காரர் மட்டுமே செய்யக்கூடிய ஆகப்பெரிய தவறும் அதுதான்.

பூக்கள் கொட்டத் தொடங்கின. காம்பு கணுவில் பழுத்து, சத்தமில்லாமல் விழுந்தன. முதல் வாரம் பதினேழு. அக்கா அவற்றைப் பொறுக்கி, நூல் சுற்றும் பாபின்களைப் போட்டுவைக்கிற டப்பாவில் போட்டுவைத்தார். ஆலோசனைகள் குவிந்தன. நான்காம் மாடிப் பல் டாக்டர் வீட்டம்மா முட்டை ஓடு போடச் சொன்னார். கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் அதிகம் என்றார். அவர் தம்பி தண்ணீர் போதாது என்றார். நாத்தனார் போனில் விட்ட பெருமூச்சு தெளிவாகக் கேட்டது. அக்கா எல்லாவற்றையும் செய்து பார்த்தார். இரண்டாம் வாரமும் பூ கொட்டியது. ஒரு நாள் டப்பாவை மூடிவைத்துவிட்டு மெக்கானிக்கிடம், "எனக்குப் பச்சை கொடுப்பினை இல்லபோல" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் காவலாளி நிறுவனம் ஒன்றிலிருந்து நாற்பது கால்சட்டைகள் வந்தன. எல்லாம் கறுப்பு, எல்லாம் நீளம் குறைக்கவேண்டியவை, நான்கு நாளில் வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூலை அந்தக் கூடத்து வெளிச்சத்தில் தைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி கோர்ப்பதற்குச் சமம். வேறு வழியில்லை. மெஷின் பால்கனிக்குத் திரும்பியது. நாலு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று செடிகளிடம் சொல்லிவிட்டு, இடைஞ்சலாக முகத்தில் சாய்ந்த இரண்டையும் மறுபடி மேசையோடு இழுத்துக் கட்டினார்.

தடித்த துணி, தடித்த மடிப்பு. மேசை ரயில்பெட்டிபோல ஆடியது. இரண்டாம் நாள் முற்பகல் கறுப்புக் கால்சட்டை ஒன்றில் மஞ்சளாக ஏதோ பொடி படிந்திருந்தது. தட்டிவிட்டார். அடுத்ததிலும் படிந்தது. சுவர்ப் பூச்சு உதிர்கிறதோ என்று மேலே பார்த்தார். தலைக்குமேல் ஒரு பூங்கொத்து, மெஷினின் ஓட்டத்துக்கு ஏற்ப நடுங்கிக்கொண்டிருந்தது. பெடலிலிருந்து காலை எடுத்தார்; பூ நின்றது. அழுத்தினார், பூ நடுங்கி ஒரு சிட்டிகைப் பொடியை உதிர்த்தது. பொத்தானக்கா தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் துணி வைக்காமல் மெஷினை ஓட்டினார். கால்மணி நேரம் ஓட்டினார்.

அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வரவில்லை. எந்த இடத்தில் துணி இழுக்கிறது என்று பார்த்துத்தான் தையலைப் பிரிப்பவர் அவர். ஒரு வாரம் காத்திருந்தார். மேசையில் கட்டிய இரண்டு செடிகளிலும் காய்ந்த பூவுக்குப் பின்னால் பச்சையாகக் குண்டூசித் தலைகள் தெரிந்தன. வலையில் கட்டிய நான்கிலும் பூ வழக்கம்போலக் கொட்டியது. அன்று வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிட்டுக் காட்டினார்.

மெக்கானிக் ரொம்ப நேரம் பார்த்தார். "பூவுக்குள்ளயே பொடி இருக்கு. அது உதிர்ந்தாத்தான் காய். வெளில காத்து ஆட்டும், வண்டு வந்து ஆட்டும். இங்க ரெண்டும் கிடையாது. நீதான் ஆட்டியிருக்க."

"அப்ப உள்ள இழுத்துப் போட்டு நிறுத்தினதும் நான்தான்."

"ஆமா," என்றார் அவர். பிறகு, யாரும் கேட்காமலேயே, ஒரு நீளப் பலகை கொண்டுவந்து மேசையோடு முடுக்கிக் கொடுத்தார்.

ஆறு செடிகளும் பலகையில் எலாஸ்டிக்கால் கட்டப்பட்டன. கால்சட்டைகள் போய்ச் சேர்ந்தபின் தைக்க வேலை குறைந்தது. அதற்காகச் செடியைப் பட்டினி போட முடியுமா? முற்பகலில் அரைமணி நேரம் மெஷின் ஓடியாகவேண்டும் என்று அக்கா பழைய துணியிலெல்லாம் தலையணை உறை தைத்தார். இரண்டே பேர் இருக்கும் அந்த வீட்டில் இன்று முப்பத்தோரு தலையணை உறைகள் இருக்கின்றன. காய்கள் இருபத்து மூன்று.

ஆனால் அத்தனையும் பச்சை. பச்சையாகவே பருத்தன, பச்சையாகவே பளபளத்தன, பழுப்பது தங்கள் வேலையில்லை என்பதுபோல் தொங்கின. பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஆக அடியில் இருந்த ஒன்று மட்டும் வெளுத்து, மஞ்சளாகி, மெல்லச் சிவக்கத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. சான்று நேரில் வரவேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் பாரம் தூக்கும் இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர், ஆளுயரச் செடியை வாளியோடு மார்பில் அணைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி வந்தார். செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாளியைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"ஒண்ணுதான் பழுத்திருக்கு."

"நோட்டீஸ்ல எத்தனைன்னு போடலையே சார்," என்றார் பொத்தானக்கா.

செயலாளர் தன் சுற்றறிக்கையைத் தானே படித்துப் பார்த்தார். போட்டிருக்கவில்லை. கண்ணுக்குப் பழமாகத் தெரிவது வேறு, பயன் தருவது வேறு என்று அடுத்த படிக்குப் போனார். பின்வரிசையிலிருந்து அவர் வீட்டம்மா எழுந்தார்.

"நம்ம புதினாவுக்கு எப்பங்க கூட்டம் போட்டீங்க?"

செயலாளர் பதிவேட்டைப் புரட்டிப் புதினாவைத் தேடத் தொடங்கினார். தின்று பார்த்தால் தெரிந்துவிடுமே என்று பல் டாக்டர் வீட்டம்மா வழிகாட்டினார். அக்கா பழத்தைக் காம்போடு நறுக்கி எடுத்தார். நிர்வாகக் குழு பத்துப் பேர். அளவு நாடா இல்லாமலேயே பத்துச் சமத்துண்டு போட்டார். தனக்கென்று ஒன்று ஒதுக்கவில்லை; ஐந்து மாதமாக வளர்த்தவர் அதன் ருசி தெரியாமல் நின்றார். உண்மையைச் சொல்லவேண்டுமானால் தோல் கொஞ்சம் தடிமன், புளிப்பும் ஒரு பிடி தூக்கல். ஆனால் பத்துப் பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. செயலாளர் விரலை வழித்து நக்கினார் என்பதைப் பதிவேடு சொல்லாது, நான் சொல்கிறேன்.

"பயன் உண்டு" என்று எழுதினார். ஆறு வாளியும் இருக்கலாம். கைதட்டல் அடங்கியதும், அவர் பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

"மொத்த விளைச்சல் எவ்வளவும்மா? ஒண்ணுன்னு போடவா?"

அக்கா மேலே, தன் பால்கனி இருக்கும் திசையை அண்ணாந்து பார்த்தார். கீழிருந்து அது தெரியாது.

"இன்னும் வந்துக்கிட்டிருக்குன்னு போடுங்க சார்."

அப்படி எழுதக் கட்டத்தில் இடம் போதவில்லை. செயலாளர் ஓரத்துக் கோட்டைத் தாண்டி எழுதினார்.