பிடிக்குள் இருந்த துரு

எங்கள் வீட்டு ஜெனரேட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் அந்த நீளமான ஜப்பான் கத்தியை வாங்கினேன். ரங்கூனில், தாகேதா பக்கம் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் ஒருவர் வீட்டில், கூரை உத்தரத்தில் கோணிக்குள் சுற்றிக் கிடந்தது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் போட்டுவிட்டு ஓடியது என்றார். நாங்கள் குடியிருந்த தின்கன்ஜூனில் நாளுக்கு நாலு மணி நேரம் கரண்ட் வந்தாலே கொண்டாட்டம் என்றிருந்த சமயம். என் மனைவி கத்தியைப் பார்த்தாள், ஜெனரேட்டர் இருந்த மூலையைப் பார்த்தாள்.

"நல்லதுங்க. இருட்டில உக்காந்து இதைத் தடவிக்கிட்டு இருங்க" என்றாள். மறுநாளிலிருந்து கரி அடுப்பில் சமைத்தாள்.

அது என் மூன்றாவது கத்தி. முதல் இரண்டையும் பழசு என்று நம்பி வாங்கினேன். இரண்டுமே சண்டைக்காகத் தொழிற்சாலையில் அடித்துத் தள்ளிய சரக்கு. லத்தாவில் இரும்புச் சாமான் மொத்தக்கடையில் தலை நரைத்தவன் இரும்பிலேயே ஏமாந்தால் சும்மா விடுவார்களா? "என்ன, ஜப்பான் இன்னும் சரணடையலையா?" என்று கடையில் தினமும் கேட்பார்கள். நானும் சிரித்து வைப்பேன், உள்ளுக்குள் எரியும். நான் ஏமாளி இல்லை என்று ஒரு காகிதமாவது சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இங்கே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஜப்பானியர் ஒருவருக்குப் பழைய கத்திகளைப் பற்றி நன்றாகத் தெரியும் என்று கேள்விப்பட்டேன். பர்மியர்கள் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல அவரைச் 'சயா' என்றுதான் அழைப்பேன். நான் போனில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, நல்ல பர்மியத்தில் விளக்கினார். கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே தெரியும் அடிப்பகுதியில்தான் எல்லாம் இருக்கிறதாம். செய்தவன் உளியால் வெட்டிய எழுத்து, அந்த எழுத்துக்குள்ளேயே ஏறிய கறுத்த துரு. எழுத்தை யார் வேண்டுமானாலும் வெட்டலாம், இருநூறு வருஷத்துத் துருவை யாராலும் உண்டாக்க முடியாது என்றார். நேரில் பார்த்துத் திருப்தியானால் தானே ஊருக்கு எடுத்துப்போய்ச் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் சொன்னார். அதுவரை அந்த இடத்தைத் துடைக்கக் கூடாது, எண்ணெய்கூடப் போடக் கூடாது.

இதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு இதெல்லாம் என்ற திமிர்தான்.

சயா வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் ஆயுத பூஜை. கடையில் பூஜை முடிந்து, பொரிப் பொட்டலத்தோடு வீடு திரும்பினேன். சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மனை, என் ஸ்குரூடிரைவர்கள், அவளுடைய தையல் மெஷின். நடுவில் பிடி கழற்றிய கத்தி. அடிப்பகுதி வெள்ளி மாதிரிப் பளபளத்தது. அதன்மேல் மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தாள். எழுத்துகளின் பள்ளத்தை ஈர்க்குச்சியால் சுரண்டியிருந்தாள்.

பிடியைக் கழற்ற மூங்கில் ஆணியை எந்தப் பக்கத்திலிருந்து தட்ட வேண்டும் என்று நான் அவளுக்குக் காட்டியதே இல்லை. கத்தி பக்கமே திரும்பாதவள் என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அந்த நிமிஷம் இது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உன்னைக் கட்டிக்கிட்டு வந்தேன் பாரு, அதுதான் நான் செஞ்ச தப்பு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "மத்த இடமெல்லாம் தொடைக்கிறீங்க, அதை மட்டும் விட்டுடுறீங்க. உங்களுக்கு விரல் வீங்கியிருக்கே, அழுத்தித் தேய்க்க முடியலையோன்னு நெனச்சேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சயா வந்தார். கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து நல்ல எழுத்து, ஆனால் அது அன்று வெட்டியதா நேற்று வெட்டியதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். காகிதம் கிடைக்காது. பிறகு, "யார் சுத்தம் செய்தது? ரொம்பப் பொறுமையான கை" என்றார். அவர் பேசியது பர்மியம். டீ கொண்டுவந்த என் மனைவிக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு அவளோடு பேசாமல் இல்லை. அரிசி தீர்ந்தது, கரண்ட் வந்தது, மழை வருகிறது, எல்லாம் பேசினேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. தானாக ஆறிவிடும், தீபாவளி வந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். டாக்சி பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன மாதம் ஒரு தரகர் வந்தார். அடிப்பகுதியில் மருந்து பூசி, பழைய துரு போலவே கறுக்கவைத்துத் தருகிறேன், வெளிநாட்டுக்காரன் நம்பி வாங்குவான் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அலகுக்கு மட்டும் இப்போதும் எண்ணெய் போடுகிறேன். அடிப்பகுதியைத் தொடுவதில்லை. ரங்கூன் மழையில் அது மறுபடி பழுப்பேற ஆரம்பித்திருக்கிறது, குங்குமம் இருந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக. துருவைப் பார்த்து வயது சொல்ல எனக்குத் தெரியாது. இந்தத் துருவுக்கு மட்டும் நாள் கணக்கில் சொல்வேன். அவள் அதைத் துடைத்து வைத்த நாளிலிருந்து ஏறுகிறது.