டீத்தூள் டின்னில் ஒரு கேமரா

“படிச்ச புள்ளதான், இல்லேங்கல. ஆனா கல்யாணங்கிறது பரீட்சையா, கோட்டை விட்டா மறுபடி எழுதுறதுக்கு?”

பக்கத்து வீட்டு அக்காவின் தாய்மாமா இப்படிக் கேட்டபோது கூடியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு எஸ்டேட் மாரியம்மன் கோவிலில் கல்யாணம். படம் எடுக்க என்னைக் கேட்டது அக்காவின் அம்மா. அவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். மாமா தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவர். மலை இறங்கிப் போய்வருகிறவர் என்பதால் மேட்டுப்பாளையத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் அவருக்குப் பழக்கம்.

“சொந்தமா கேமரா வச்சிருக்கியா?” என்றார்.

“வாங்கப் போறேன் மாமா.”

“வாங்கப் போறியா! அக்கோவ், மாப்பிள்ள வீட்டுக்குப் போனப் போட்டு தேதியத் தள்ளி வைக்கச் சொல்லு.”

மறுபடியும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே ரோஷமும். “வர்ற ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டுறேன். புடிக்கலேன்னா மேட்டுப்பாளையத்துக்கே சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டேன். மாமா சரி என்று தலையாட்டினார். சொன்ன பிறகுதான் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மா கொழுந்து பறிக்கிறாள். அப்பாவுக்கு டீ ஃபாக்டரியில் வேலை. நான் பட்டம் முடித்து, குன்னூரில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். யாரோ எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கும் வேலை. நாலு பக்கம் அடுக்குவதற்குள், இந்த இடத்தில் நான் நின்றிருந்தால் எப்படி எடுத்திருப்பேன் என்று மனம் போய்விடும். காலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு பனி வந்து கண்ணாடியை மூடும், விலகும், மூடும். ஒவ்வொரு முறை விலகும்போதும் எனக்கு அது ஒரு படம். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு நடந்து திரும்பியதுண்டு.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். என் சேமிப்புக்குள் அடங்கியவை இரண்டு. ஒரே கம்பெனியின் இரண்டு பிள்ளைகள். இளையது புத்தம்புது மாடல்; பனியோ மழையோ மனிதக் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் என்றார்கள். அதோடு ஒரு ஜூம் லென்ஸ் சேர்ந்தே வரும். மூத்தது கைமாறிய பழைய மாடல். கண்ணைத் தேடுவதில் மந்தம், ஆனால் சென்சார் பெரியது. மங்கிய வெளிச்சத்திலும் படம் பொரிப்பொரியாகாது. அதற்கு ஜூம் இல்லாத, அகலமாகத் திறந்து நிறைய வெளிச்சம் வாங்கும் ஒரு ஐம்பது எம்எம் லென்ஸ். விலையில் இளையது கொஞ்சம் கூடுதல். அம்மா அந்த விலையைக் கேட்டுவிட்டு, “ரெண்டு மாடு வாங்கலாமே. பாலாவது கறக்கும்” என்றாள்.

யூடியூபில் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசியவர்கள் எல்லோரும் நல்ல வெயிலில் நின்று பேசினார்கள். ஒருவர் தன் நாயைக் கடற்கரையில் ஓடவிட்டு எடுத்துக் காட்டினார். பனிக்குள் முக்காடு போட்டு நிற்கிற ஒரு பெண்ணின் முகத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அதனால் ஸ்டுடியோவில் லீவு சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே கேமரா விற்கவும் வாடகைக்குக் கொடுக்கவும் செய்யும் கடைக்காரர், நான் கேட்ட இரண்டு கேமராக்களையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, ஒண்ணு போதாதுங்களா? ரெண்டும் எதுக்குங்க?”

“ரெண்டையும் எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாக்கணுங்க. அப்புறம்தான் வாங்குவேன்.”

“மாப்பிள்ளை பாக்கற மாதிரியில்ல சொல்றீங்க!” என்று சிரித்துக்கொண்டே இரண்டையும் பையில் வைத்தார். “திங்கக்கிழமை பத்திரமா கொண்டாந்துருங்க.”

சனிக்கிழமை அம்மா கொழுந்து பறிக்கும் தேயிலைக் காட்டுக்குப் போனேன். பனி தரையோடு ஊர்ந்து வந்து இடுப்பளவில் நின்றது. பெண்கள் பிளாஸ்டிக் தாளை முக்காடாகப் போட்டு, பாதி உடம்போடு பச்சைக்கு மேல் மிதந்தார்கள். குரல் மட்டும் முழுசாக வந்தது.

“டூரிஸ்ட்டுக்குத்தான் சிரிச்சு வாய் வலிக்குது. ஒனக்கும் சிரிக்கணுமாடி?”

“வேணாம் அத்தை. நீங்க வேலையப் பாருங்க.”

“அப்ப கங்காணிகிட்ட அந்தப் படத்தக் காட்டு. நாங்க வேலை செய்யறதுக்கு சாட்சி!”

மூத்ததை உயர்த்தினேன். லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தது. பனியில் பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது தேடி முடிப்பதற்குள் அம்மா திரும்பிவிட்டாள். இளையதை எடுத்தேன். திரையில் ஒரு சின்னச் சதுரம் பனிக்குள் தடவிப் போய், முக்காட்டின் நிழலில் அம்மாவின் கண்மேல் உட்கார்ந்தது. அம்மா குனிந்தாள், அதுவும் குனிந்தது. நிமிர்ந்தாள், அதுவும் நிமிர்ந்தது. படம் எடுக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். மாலையில் பெரியம்மா வீட்டுக்குப் போனதும் அந்த முடிவு போயிற்று. வெளிக்குளிரிலிருந்து அடுப்பு எரியும் அறைக்குள் நுழைந்தவுடன் லென்ஸ் முழுக்க ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. தெளியக் காத்திருந்து எடுத்தேன். ஒரே ஒரு பல்ப் எரிகிற அறையில், ஜூம் லென்ஸுக்கு வெளிச்சம் போதவில்லை. முகங்களில் ரவையைத் தூவியது போல இருந்தது. மூத்ததிலோ அதே அறை, அதே பல்ப், பெரியம்மாவின் கன்னம் தேன் நிறத்தில் வந்தது. ஆனால் கல்யாணம் காலைப் பனியில், கோவில் வாசலில். பனிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டையும் வாங்க என்னால் முடியாது. அதே நினைப்போடு தூங்கிப்போனேன்.

ஞாயிறு காலை இளையதைக் காணோம். அம்மா அலமாரி மேலிருந்த பெரிய டீத்தூள் டின்னை இறக்கி, மூடியைத் திறந்தாள். உள்ளே, அப்பாவுக்கு ஃபாக்டரியில் கொடுத்த தூளுக்கு நடுவே, பழைய நூல் புடவைத் துணியில் சுற்றி, கழுத்துவரை புதைத்து வைத்திருந்தாள்.

“ராத்திரி சாரல் அடிச்சுச்சு. ஈரம் ஏறிடும்ல” என்றாள். “நனைஞ்ச செல்போன ஒங்கப்பா இதுலதான போட்டு எடுத்தாரு? அரிசியவிட டீத்தூள்தான் நல்லா ஈரம் இழுக்கும்.”

“அம்மா, இது வாடகைக் கேமராம்மா!”

“அதான் பத்திரமா வச்சேன். டின்னுல ஒண்ணுக்குத்தான் எடம். வெல கூடுனது எதுன்னு நீதான சொன்ன?”

எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை. ஜூம் வளையத்தைத் திருப்பினேன். சோற்றில் கல் கடிபடுவது போல நரநரவென்றது. பாதியில் நின்றுவிட்டது. பிரஷ் வைத்துத் தட்டத் தட்ட டீத்தூள் உதிர்ந்தது. வீடு முழுக்க வாசம். மாமா வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

கேமராவைத் துணியால் நன்றாகத் துடைத்து, குப்புறப் பிடித்து, ஓடாத ஜூமைக் கழற்றினேன். இளையது திறந்த வாயோடு இருந்தது. பக்கத்தில் மூத்தது தன் ஐம்பது எம்எம்மோடு. ஒரே கம்பெனி, ஒரே வாய்; இதன் லென்ஸ் அதற்குப் பொருந்தும். இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் கடைக்காரர்கள் எப்படி ஜோடி சேர்த்து விற்றார்களோ அப்படியேதான் நானும் இதுவரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூத்ததின் லென்ஸை இளையதில் வைத்துத் திருப்பினேன். ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. கண்ணைத் தேட இது, வெளிச்சத்தை அள்ள அது.

பெரியம்மா வீட்டில் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அக்காவுக்குக் கூறைப்புடவை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமராவை உயர்த்தினால் அக்காவின் தோள் மட்டும்தான் தெரிந்தது. இளையதின் சின்ன சென்சாரில் இந்த லென்ஸ் எதையும் கிட்டத்தில் இழுத்துக் காட்டியது. ஓரடி பின்னால் போனேன். சுவர். கதவுப் பக்கமாகப் பின்வாங்கினேன். வாசலைத் தாண்டினேன். முற்றத்தில், பனிக்குள், முதுகு ஈரமாக நின்றபோதுதான் எல்லாம் உள்ளே அடங்கியது. சூட்டிலிருந்து குளிருக்கு வந்ததால் லென்ஸில் ஆவியும் படியவில்லை.

கதவுச் சட்டத்துக்குள் மஞ்சள் வெளிச்சம். சுற்றிலும் வெள்ளை. உள்ளே பெரியம்மா தரையில் முட்டி போட்டு, வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு கொசுவம் மடித்துக்கொண்டிருந்தார். அக்கா தடுமாறாமலிருக்க தன் அம்மாவின் தலைமேல் ஒரு கையை ஊன்றியிருந்தாள். சின்னச் சதுரம் மெதுவாக நகர்ந்து போய், குனிந்திருந்த பெரியம்மாவின் கண்ணில் நின்றது. பொத்தானை அழுத்தினேன். அந்த நேரத்தில் மாமாவை நான் நினைக்கவேயில்லை. யாரையுமே நினைக்கவில்லை.

மாமா கேமராவை என்னிடமிருந்து வாங்கி, திரையை வெளிச்சத்துக்குச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

“வாயில ஊக்கு வச்சிருக்கு பாரு எங்கக்கா” என்றார். பிறகு, “எங்கம்மாவும் இப்படித்தான் மடிக்கும்.”

கேமராவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“சரி, மேட்டுப்பாளையத்துக்கு நான் சொல்லிக்கறேன். ஆனா தாலி கட்டறப்ப நீ பாட்டுக்கு வெளிய போயி நிக்காத, ஆமா.”

திங்கட்கிழமை கடைக்காரர் ஜூமைக் காதருகே வைத்துத் திருப்பினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். “மணலோட வருமுங்க, உப்புத்தண்ணியோட வருமுங்க. டீத்தூளோட வந்தது இதுதானுங்க மொதல்ல” என்றார். சுத்தம் செய்யும் செலவைத் தயங்காமல் கொடுத்தேன். ஜூம் இல்லாமல் இளையதை மட்டும், கூட அந்த ஐம்பது எம்எம்மையும் தனித்தனியாக விலை பேசினேன். என் சேமிப்புக்குள் வந்தது. தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும், கிட்டே நின்றே எல்லாம் அடங்க, ஓர் அகல லென்ஸை வாடகைக்குச் சொல்லிவைத்தேன்.

கல்யாணத்தன்று கோவில் வாசலில் பனி இறங்கித்தான் இருந்தது. மாலைகள், குடைகள், ஈர முடிகள், நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம் எல்லாம் பாதி கனவு போல வந்தன. முகங்கள் மட்டும் தெளிவு. மாமா ஒவ்வொரு படத்திலும் எப்படியோ நுழைந்திருந்தார். ஆல்பத்தையும் நானே அடுக்கினேன். இந்த முறை யார் எங்கே நின்று எடுத்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டு கட்டபெட்டு என்ற ஊரிலிருந்து ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெற்றிலை பாக்கோடு முன்பணமும் வாங்கிவிட்டேன். குன்னூர் ஸ்டுடியோவில், இந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று நேற்றே சொல்லிவிட்டு வந்தேன்.