உள்ளங்கையால் பார்த்து வாங்கிய ஸ்பீக்கர்

நல்ல ஸ்பீக்கரை உள்ளங்கையால் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சிறுவயதில் நம்பினேன். பொய் எதற்கு, கல்யாணமான பிறகும் நம்பினேன். கடையில் நான் பெட்டியின் மேல் கை வைத்துக் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்து, "என்னா, அதுக்குக் காய்ச்சலா?" என்று மனைவி கேட்டிருக்கிறாள்.

அப்பாவிடம் கற்ற வித்தை அது. துபாய்க்குப் போன அண்ணன் அனுப்பிய காசில் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்திருந்தது. படம் காட்டும், வாய் பேசாது. பிறகு லீவில் வந்த அண்ணனின் கூட்டாளி, அண்ணன் பேசிப் பதிந்த சீடி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு போனுக்கு அண்ணன் கோல் எடுக்கும்போதெல்லாம் ரிசீவரை அம்மாவிடமே தள்ளிவிடும் அப்பா, இந்தச் சீடிக்காக மறுநாளே வேலைக்குப் போகாமல் என்னை இழுத்துக்கொண்டு ருவான்வெல்லை டவுனுக்கு பஸ் ஏறினார்.

கடையில் நீல விளக்கு எரியும் வெள்ளி நிற ஸ்பீக்கர் ஜோடி ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்பா அதன் தலையில் கை வைத்தார்; உதட்டைப் பிதுக்கினார். அடுத்து, சவப்பெட்டி மாதிரி ஒரு கறுப்புப் பலகைப் பெட்டி. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு முதலாளியிடம் சிங்களத்தில் "தவ, தவ" என்றார். சத்தத்தை இன்னும், இன்னும் கூட்டச் சொல்கிறார். கண்ணாடி அலுமாரி கடகடத்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது. கண்ணாடி உடையும், போலீஸ் வரும், அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று முடிவு செய்து, அலுமாரியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்பாவோ திருமண வீட்டுக்காரர் போலப் பூரித்து நின்றார்.

"இதுதான்டா பேசுது!"

வீட்டில் சீடியைப் போட்டதும் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினார். கூரைத் தகரம் அதிர்ந்தது. பறந்தே போய்விடும் என்று நான் மேலே பார்த்தபடி இருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "என்னாண்ணே, எலக்சன் வந்துருச்சா?" என்றார். நான் குறைக்கப் போனேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றான் அண்ணன். அம்மா அதையே அப்பாவின் காதுக்குள் குனிந்து இன்னொரு தடவை கத்தினார். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்வது அம்மாவின் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா பெட்டியின் மேல் உள்ளங்கையை விரித்துக் கண்ணை மூடியிருந்தார். அண்ணன் இருமியபோது திடுக்கிட்டு, "சளி புடிச்சிருக்கு போல" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். ரப்பர் பெக்டரி ரோலருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அப்பாவின் காது எப்போதோ போய்விட்டிருந்தது. அண்ணன் பேசியதில் ஒரு வார்த்தைகூட அன்றைக்கு அவருக்குக் கேட்கவில்லை.