பௌர்ணமிக்குக் கேட்டு வாங்கிய அப்பாயின்ட்மென்ட்

இரண்டு மாதமாக அடிவயிற்றில் வலி, வெள்ளைப்படுதல். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். யாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கணவரிடம் சொன்னால் என்னையே சந்தேகப்படுவாரோ என்ற பயத்தில் தூக்கமே போய்விட்டது.

கடைசியில் பால்வினை நோய் கிளினிக்குக்குப் போன் செய்தேன். "பயப்படாதீங்கம்மா, என்னிக்கு வர்றீங்க?" என்றார் நர்ஸ். பௌர்ணமியன்று வருவதாகச் சொன்னேன். ஆட்டோ ஓட்டும் என் கணவர் அன்று கிரிவலக் கூட்டத்தை விட்டு வீட்டுப் பக்கமே வரமாட்டார்.

முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், காக்கிச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவர்தான். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் எல்லோரும் கிரிவலச் சவாரியில் இருப்பார்கள், பார்க்க மாட்டார்கள் என்று அவரும் அதே நாளைப் பிடித்திருக்கிறார். பதறி எழுந்து, "நீ எங்க இங்க?" என்றார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "இவங்கதான் உங்க வீட்டம்மாவா? போன மாசமே கூட்டிட்டு வாங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். இப்பவாவது மனசு வந்துச்சே!"

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஆமாங்க சிஸ்டர், கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

நான் போன மாதம் வலியில் சுருண்டு கிடந்தபோது, "உடம்பு சூடும்மா" என்று இளநீர் வாங்கிவந்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தவர் அவர். அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இருவருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு சரியாகிவிட்டது. அவர் செய்த தப்பைக்கூட மெல்ல மறந்துவிடுவேன் போலிருக்கிறது. ஆனால் அவர் ஆசையாக எது வாங்கி வந்தாலும், இன்னும் எதை மறைக்கிறாரோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.