வலை மேல் நின்ற பந்து

கோல்ஃப் மைதானத்தில் பேக் தூக்கிப் பிழைக்கிறவன் நான். கேடின்னு சொல்வார்கள். ஊர் லைட்ஹவுஸ் குப்பம். எங்கள் குப்பத்திலிருந்து இந்த வேலைக்குப் போகிற ஆள் நான் ஒருத்தன்தான். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதும் நியாயப்படி கடலுக்குப் போயிருக்கணும். எனக்குச் சின்ன வயசிலிருந்தே எதற்கும் பயம். பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமான்னு பயம், இறங்கினால் வீட்டில் கேஸை அணைத்தோமான்னு பயம். அலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொன்னேரியில் இருந்த சொந்தக்காரர் ஒருத்தர் சென்னையில் ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டுகிற வேலை பார்த்தார். அவர்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டார். அதிலிருந்து பழவேற்காட்டில் பஸ், பொன்னேரியில் ரயில், பட்டணத்தில் புல்தரை. இப்படியே இருபது வருஷம் போயிருக்கும்.

இந்த வேலையில் என் பயத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது. பந்தைப் போடவேண்டிய குழிக்கு ஹோல்னு பேர், ஒவ்வொரு ஹோலுக்கும் முதல் அடி அடிக்கிற மேட்டுக்கு டீன்னு பேர். அங்கே நின்றதும் ஆடுகிறவர் கண்ணுக்குக் குழியில் நட்ட கொடி தெரியும். என் கண்ணுக்குப் பந்து எங்கெல்லாம் தொலையும்கிறது தெரியும். இடது பக்கம் குளம், வலது பக்கம் மரம், நடுவில் மணல் பள்ளம். டிரைவர்ங்கிற பெரிய மட்டையை எடுத்தால் தூரம் போகும், ஆனால் கோணிக்கொள்ளும். இரும்பு மட்டை எடுத்தால் தூரம் குறையும், பந்து சொன்ன பேச்சுக் கேட்கும். எதை எடுக்கணும்கிறதை இந்த அடியைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. கொடிக்கு எவ்வளவு தூரம் மிச்சம் வைக்கப் போகிறோம், அந்த மிச்சத்தை அடிக்க இவருக்குக் கை வருமா, அதைப் பார்த்து முடிவு பண்ணணும். பந்து தப்பினாலும் எந்தப் பக்கம் தப்பினால் பிழைக்கலாம்னு பார்த்து அந்தப் பக்கமாக ஆளை நிறுத்துவேன். "உன் பயம் எனக்கு நாலு அடியை மிச்சம் பண்ணுதுய்யா"ன்னு ஒரு டாக்டர் சொல்வார். பயப்பட்டுப் பாராட்டு வாங்கினது அங்கே மட்டும்தான்.

போன வருஷம் என் தம்பி போன படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தி வந்தார்கள். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாரும் அழுதார்கள், எனக்கு வரவில்லை. நாளைக்கு வரும்னு சொன்னார்கள். வரவில்லை. பயமும் அதுபாட்டுக்கு இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு டிவி மாதிரி, சத்தம் கேட்கும், இன்னா பேசுதுன்னு ஏறாது.

கிளப்பில் பேட்டரி வண்டி வந்தது அதற்கப்புறம். பேக்கை வண்டி பின்னால் கட்டிவிட்டு ஆடுகிறவர்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு முறை வருவது குறைந்தது. வாரத்தில் பாதி நாள் மரத்தடியில் உட்கார்ந்து எழுந்து வந்தேன். அந்தச் சமயத்தில் பயிற்சி மைதானத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது. புதுசாகப் படிக்க வருகிறவர்களுக்கு மட்டை பிடிக்கக் காட்டிக் கொடுக்கணும். மாசச் சம்பளம். கேடிகளை மேய்க்கிற மேஸ்திரி எங்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒன்று நான். இன்னொருத்தன் அனுப்பம்பட்டுக்காரன். அவனும் நானும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்புகிறவர்கள்.

"திங்கக்கிழமை கிரவுண்டு லீவு. ரெண்டு பேரும் பதினெட்டு ஹோல் ஆடுங்க. அடி எவனுக்குக் கம்மியோ அவன் உள்ள. அப்புறம் எங்கிட்ட வந்து மூஞ்சத் தூக்கக் கூடாது"ன்னார்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி நண்டை உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கிடைக்கலன்னா?"

நான் நண்டு ஓட்டைப் பொறுக்கி ஓரமாகப் போட்டேன்.

"எங்கண்ணன் போட்டுல ஒரு ஆள் கொறையுது மாமா. அது உன்னை வாயத் தொறந்து கேக்கல. ஆனா கேக்கும்."

அப்ப கணக்கு இதுதான். வேலை கிடைத்தால் தரை. கிடைக்காவிட்டால் தண்ணி.

கொடியைச் சுற்றி வழவழன்னு வெட்டின புல்லுக்கு கிரீன்னு பேர். அதற்கு வெளியே கொஞ்ச தூரத்திலிருந்து அடிக்கிற சின்ன அடிதான் எனக்கு எப்பவும் உதைக்கும். பெரிய அடியில் யோசிக்க நேரம் இருக்காது. சின்ன அடியில் மட்டை மெதுவாகப் போகும், கூடவே மனசும் போகும். அதனால் அந்த அடியைத்தான் பழகினேன். டாக்டர் கழித்துக் கொடுத்த பழைய வெட்ஜ் ஒன்று என்னிடம் இருந்தது, பந்தை மேலே தூக்கிப் போடுகிற மட்டை. குப்பத்துக்குப் பின்னால் ஏரிப் பக்கமாகக் கொஞ்சம் புல் மண்டின மேடு உண்டு. அங்கேயிருந்து மணலைப் பார்த்து அடித்தால் பந்து மணலில் புதைந்து காணாமல் போனது. தேடித் தேடி அலுத்துப்போய், வீட்டு ஓரத்தில் யாரும் தொடாமல் கிடந்த தம்பி வலையைக் கொண்டுபோய் மணலில் விரித்தேன். மொத்தமாக விரிக்கவில்லை, இரண்டு மூன்று மடிப்பாக. பந்து வந்து விழும். வேலை முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் எல்லாப் பந்தும் நடுவில் வந்து சேரும். பையில் கொட்டிக்கொள்ளலாம்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அண்ணி ஒருத்தி, பெரியப்பா மகனின் பெண்சாதி, முதல் நாளே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா கொழுந்தனாரே, ஆமை முட்டையா பொறுக்குற? பாரஸ்ட்டுக்காரன் வந்தா உள்ள வெச்சிடுவான்."

"பந்து அண்ணி."

"பந்தா? மீனு விழுற வலையில பந்து விழுதா? கலிகாலம். ரெண்டு குடு, கொழம்பு வெக்கலாம்."

சிரிக்கணும்னு தெரிந்தது. சிரித்தேன். அவளும் கொஞ்ச நேரம் அந்த வலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் வலைன்னு அவளுக்கும் தெரியும். அப்புறம் கருவாட்டைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

தினமும் சாயங்காலம் அதே வேலை. பந்தை உயரத் தூக்கி வலை மேல் போடுவேன். நூல் மடிப்பில் விழுந்ததும் பந்து அப்படியே நின்றுவிடும். உருளாது. விழுந்த இடம்தான் நின்ற இடம். முதலில் பத்தில் இரண்டு விழுந்தது, அப்புறம் பாதி விழுந்தது, அப்புறம் மடிப்பைச் சொல்லி அடிக்கிற அளவுக்குக் கை வந்தது. மணிக்கட்டை உடைக்காமல், எடையை இடது காலில் வைத்து, மட்டை பந்தைத் தாண்டிப் போகிறவரைக்கும் தலையைத் தூக்காமல். மற்றவர்களுக்கு நான் சொல்கிறதெல்லாம் எனக்கே வந்தது. சந்தோஷம்னு சொல்ல முடியாது. பந்து நின்றது, அவ்வளவுதான். நிற்கிறதைப் பார்க்கப் பிடித்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ரயிலில் அனுப்பம்பட்டுக்காரன் ஏறும்போதே சத்தம்.

"இன்னா மச்சி, சட்டைய இஸ்திரி போட்டு வந்துக்கிற? மாப்பிள்ள அழைப்பா?"

"சும்மா இருடா."

"நீ டீயில நின்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் ஆடிட்டு வந்து டீ குடிச்சிடுவேன் பாத்துக்கோ."

"நீ மரத்துக்குள்ள பூந்து வெளிய வர்றதுக்குள்ள நான் ஊருக்கே போயிடுவேன்."

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்தான். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். தண்ணிக்குப் போகிற பயம் அவனுக்கு இல்லை, கல்யாணச் சமையலுக்குப் பாத்திரம் கழுவப் போகிற பயம். ஏற்கெனவே இரண்டு தடவை போய்விட்டு வந்தான். இரண்டு பேருக்குமே இது தெரியும்கிறதால் மீஞ்சூர் தாண்டினதும் இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

ஆட்டம் என் பக்கம்தான் போனது. அவன் எல்லா டீயிலும் டிரைவரை உருவினான். நான் பாதி இடத்தில் இரும்பு எடுத்தேன். அவன் மரத்தடியில் குனிந்து பந்து தேடும்போது நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஆடுகிறது யாரோ, பேக் தூக்குகிறதுதான் நான்கிற மாதிரி இருந்தது. மரத்துப்போனதும் ஒருவகைக்கு நல்லதுதான் போலன்னு நினைத்தேன். மதியத்துக்கு மேல் வெயில் ஏறி கிரீன் எல்லாம் சிமென்ட் தரையாட்டம் காய்ந்தது. அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வந்தான். கடைசி ஹோலுக்கு வரும்போது இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு.

அந்த ஹோலில் இடது பக்கம் குளம். வலது பக்கம் வேப்பமரங்கள், ஆனால் அடியில் புல் கம்மி, வெளியே வந்துவிடலாம். எதிரில் கடல் காத்து. அந்த இடத்தில் நான் எல்லாருக்கும் சொல்கிறது ஒன்றுதான். "சார், டிரைவர் எடுங்க. வலது பக்கம் பாத்து நில்லுங்க. மரத்துல போனாலும் பரவால்ல. இரும்பு எடுத்தா இந்தக் காத்துல ரெண்டாவது அடியில கிரீனு போய்ச் சேராது." ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

இரும்பை எடுத்தேன்.

அனுப்பம்பட்டுக்காரன் என்னைப் பார்த்தான். அடித்தேன். பந்து நேராகப் போய் நடுவில் விழுந்தது. பார்க்க அழகாக இருந்தது. அவன் டிரைவரை எடுத்து அடித்தான், மரத்துக்குள் போனது.

இரண்டாவது அடியில் நான் சொன்னதுதான் நடந்தது. என் பந்து கிரீனுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவன் மரத்தடியிலிருந்து குனிந்து தட்டி வெளியே கொண்டுவந்தான். அவன் பந்து எனக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. கொடி கிரீனின் பின்கோடியில் இருந்தது.

கொடிக்கு ஒரு எட்டு அதிகம் தள்ளியிருந்தவன் அவன். தள்ளியிருக்கிறவன்தான் முதலில் அடிக்கணும். வெட்ஜைத் தொடவில்லை. தட்டையான இரும்பு ஒன்றை எடுத்து, துடைப்பம் பிடிக்கிற மாதிரி பிடித்து, தள்ளிவிட்டான். பந்து கிரீன் ஓரத்தில் விழுந்து மிச்ச தூரத்தை உருண்டே போனது. கொடிக்கு ஒரு முழத்தில் நின்றது. அவன் பழகினது அவன் ஊர் ஏரி காய்ந்த கட்டாந்தரையில். அங்கே எதுவும் விழுந்த இடத்தில் நிற்காது.

நான் வெட்ஜை எடுத்தேன். காய்ந்த கிரீனில் பந்து ஓடும்னு எனக்குத் தெரியாதா? தினமும் நாலு பேருக்குச் சொல்கிறேன். கொடிக்கு ரொம்ப முன்னாலேயே இறக்கணும், மிச்சத்தை ஓட விடணும். தெரியும். ஆனால் கண் போய்க் கொடிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டது. கை அந்த இடத்துக்கே போட்டது. நல்ல அடி. வலை மேலென்றால் அதைவிட நல்ல அடி கிடையாது. பந்து உயரப் போய், நினைத்த இடத்தில் இறங்கி, நிற்காமல் ஓடி, கொடியைத் தாண்டி, கிரீனைத் தாண்டி, பின்னால் சரிவில் இறங்கிப் போனது.

அது நிற்கும்னு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உருண்டு மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவனைவிட எனக்கு ஒரு அடி கூடுதல், போச்சு. மேஸ்திரி அவன் முதுகில் தட்டி, "நாளைக்கு ஆபீசுக்கு வா"ன்னார். என்னைப் பார்த்து, "நல்லாத்தான்யா ஆடின"ன்னார்.

திரும்பும்போது ரயிலில் அவன் சமோசா வாங்கி எனக்கு இரண்டு கொடுத்தான். மீஞ்சூர் வந்தபோது கேட்டான்.

"மச்சி, அங்க இன்னாத்துக்கு இரும்ப எடுத்த? எனக்கே எத்தினி தடவ சொல்லிக்கிற, அங்க டிரைவருன்னு."

"தெரியல."

"எனக்காகவா?"

"லூசாடா நீ? எனக்கும்தான் வேணும் அந்த வேல."

"அப்பன்னா சரி"ன்னான். அவன் முகத்தில் ஒரு பாரம் இறங்கினது தெரிந்தது. அனுப்பம்பட்டில் இறங்கும்போது என் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனான். ரயில் நகர்ந்த பிறகு பிளாட்பாரத்தில் போனை எடுத்துக் காதில் வைத்தான். பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறானா இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தாள். "இல்ல"ன்னேன். "சரி, கால் கழுவிட்டு வா, சாப்புடு"ன்னாள். மடவை மீன் குழம்பு. நான் சாப்பிடும்போது அவள் வாசல் பக்கம் போய் அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் எங்கள் வீடு சின்னது.

"வருவாருண்ணே. கடலுக்கு வேணாம். ஏரியில நம்ம பாடு வர்ற அன்னிக்கு மட்டும் கூப்புடு. ஆமா, எறங்கி வல கட்டுறதுக்கு. இடுப்பளவு தண்ணி தானே. இல்லண்ணே, நான் பேசிக்கிறேன்."

ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டணும்னு ஊரில் முறை வைத்திருக்கிறார்கள், அதுதான் பாடு. மச்சானுக்கு அடுத்த முறை வியாழக்கிழமை.

அவள் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன்.

"அடியில சிப்பி கெடக்குமே. கால கிழிச்சிடாது?"

"கிழிக்கும்தான்."

"எல்லாரும் இன்னா போட்டுக்கிறாங்க?"

"பழைய ஷூ, சாக்சு, கெடைக்கிறத. உன்னாண்டதான் ஷூ இருக்குதே மாமா, புல்லுல போட்டுட்டுப் போறது."

"அதுக்கு அடியில முள்ளு இருக்குது, புல்லுல வழுக்காம இருக்க. வலையில மாட்டும்."

அவள் என்னையே பார்த்தாள். சிரிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் சட்டியில் மிச்சமிருந்த மீன் துண்டை என் தட்டில் போட்டாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். கட்டிங் பிளேயரைத் தேடி எடுத்து, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஷூவைத் திருப்பி மடியில் வைத்து, அந்த பிளாஸ்டிக் முள்ளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்ற ஆரம்பித்தேன்.