மகள் வயிற்றிலிருந்து வந்த வண்டு

என்னைப் போல் இன்னொரு தாய் கை ஓங்கக் கூடாது என்பதற்காக, வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

சந்தாபுராவில் எங்கள் தெருமுனையில் ஒரு மாட்டுக் கொட்டகை இருக்கிறது. கண்முன் கறந்த பால்தான் வேண்டும் என்று தினமும் காலையில் இரண்டரை வயது மகளையும் அங்கே அழைத்துப் போவேன். டயப்பர் போட்டுத் தொடையெல்லாம் புண்ணாகியிருந்ததால், காற்றாட இருக்கட்டும் என்று அவளுக்கு ஜட்டி போடவில்லை. பால் கறந்து முடியும்வரை தரையில் உட்கார்ந்து விளையாடுவாள்.

ஒருநாள் அவள் மலத்தோடு மூன்று கறுப்பு வண்டுகள் உயிரோடு வந்தன. ஒன்று பறந்தே போனது. சாணியைத் தின்றிருக்கிறாள் என்று நானே முடிவுகட்டினேன்.

“வாயத் தொறடி! என்னாத்த துன்ன?” என்று அடித்தேன். வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் கொடுத்தேன். அடுத்த வாரமும் வண்டு வந்தது. மறுபடியும் அடித்தேன். அதற்குப் பிறகு அவள் பயந்துபோய் மலத்தையே அடக்கத் தொடங்கினாள். நான்காம் நாள் வயிறு கல்லாகி, காய்ச்சலும் வரவே, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா, “இது சாணி வண்டும்மா. கொழந்த எதையும் துன்னல. ஜட்டி இல்லாம கொட்டகைல உக்காந்தா, பின்பக்கமா உள்ள பூந்துடும். அவள எதுக்கும்மா அடிச்சீங்க?” என்றார்.

இப்போது பால் வாங்க நான் மட்டும் போகிறேன். ஜட்டி போடாமல் அவளை வாசல் தாண்ட விடுவதில்லை. வண்டு வருவது நின்றுவிட்டது. ஆனாலும் பாத்ரூமுக்குக் கூப்பிட்டால், அவள் முதலில் என் எதிரே வந்து நின்று, வாயைத் திறந்து காட்டுகிறாள்.